சம்பந்திக்கு மாலை போட்ட கதை

பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களிடம் ஒரு பொருளைக் காட்டி, இதை இயக்கத் தெரியுமா என்று கேட்கக் கூடாது. "தெரியாது" என்ற விடை எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. கல்லூரியில் வரலாறு பயின்று, பினாங்கில் துணைத் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்ற நான், ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்து காணொளித் தொகுப்பும் கற்றுச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். (சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தேன். இப்போது அது அங்கே இல்லை.)

என் மகள் கவிதாவுக்கு வரன் பேசி முடித்திருந்த நேரம். மாப்பிள்ளையின் தந்தை சுந்தரம், கெப்பாலா பத்தாஸில் ஹார்ட்வேர் கடை வைத்திருப்பவர். அவருடைய அறுபதாம் கல்யாணத்தன்று மாலை ஜார்ஜ்டவுனில் ஒரு மண்டபத்தில் விருந்து. அந்த விருந்திலேயே பிள்ளைகளின் கல்யாணத் தேதியை அறிவிப்பதாக ஏற்பாடு. அறிவிக்க வேண்டியவர் சுந்தரத்தின் மனைவி பார்வதி. அவர் சகுனம் பார்ப்பவர். பெண் பார்க்கக் கிளம்பிய காரில் யாரோ தும்மினார்கள் என்பதற்காகப் எங்கள் தீவுக்கு வரும் பாலம் ஏறுமுன் வண்டியைத் திருப்பி, மறுவாரம் வந்தவர்.

விருந்தில் சுந்தரத்தைப் பற்றி ஒரு வாழ்த்துக் காணொளி வேண்டும் என்றார்கள். சிம்பாங் அம்பாட்டில் தெரிந்த வீடியோக்காரர் இருக்கிறார் என்றும் சொன்னார்கள். நான் இருக்கும்போது அவர் எதற்கு என்றேன்.

இதற்கு இரண்டு மென்பொருள்கள் வேண்டும். ஒன்று, காட்சிகளை வெட்டித் தொகுக்கும் எடிட்டிங் மென்பொருள். மற்றொன்று காம்பசிட்டிங், காட்சியின் மேல் மாலை, விளக்கு, பொன்தூள் என்று அடுக்கடுக்காகச் சேர்ப்பது. முதலாவதில் நான் செய்த வேலையில் இன்றும் குறை சொல்ல முடியாது. கேமராவில் சாம்பல் பூத்தாற்போல வெளிறிக் கிடந்த பதிவுக்கு நிறம் ஏற்றினேன். சுந்தரம் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் காட்சியை மெல்ல நகரும்படி வேகம் குறைத்தேன். பிறகு அதை இரண்டாவது மென்பொருளுக்கு மாற்றி, மேலிருந்து ஒரு மல்லிகை மாலை இறங்கவும் இருபுறமும் குத்துவிளக்கு எரியவும் செய்தேன்.

கவிதா எட்டிப் பார்த்தாள். "மா, ஒன்னுலேருந்து இன்னொன்னுக்கு மாத்துனா எல்லாமே கூட வராதுமா. கலர், ஸ்பீடு எல்லாம் அங்கேயே தங்கிடும். ஒரு தடவ முழுசா ஓட்டிப் பாருங்க."

"சான்றிதழ் யார்கிட்ட இருக்கு?" என்றேன்.

ஓட்டிப் பார்த்தேன்தான். தொடக்கத்தில் வரும் இளமைக்காலப் படங்கள் அழகாக ஓடின. மீதியும் அப்படியே இருக்கும் என்று மடிக்கணினியை மூடிவிட்டுப் புடவை தேர்ந்தெடுக்கப் போய்விட்டேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் சுந்தரமும் பார்வதியும். அவர்கள் எதிரே மேசையில் தாம்பூலத் தட்டு. காணொளி முடிந்ததும் அந்தத் தட்டு என் கைக்கு வர வேண்டும். நான் பின்வரிசையில் மடிக்கணினியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். விளக்குகள் அணைந்தன.

இளமைக்காலப் படங்களுக்குக் கைதட்டல் எழுந்தது. அடுத்து அந்தக் காட்சி வந்தது. நிறம் வரவில்லை. வேகக் குறைப்பைப் புரிந்துகொள்ளாத மென்பொருள், முதல் பிம்பத்தை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டிருந்தது. திரை முழுவதும் சுந்தரத்தின் முகம், சிரிப்பதற்கு முந்தைய முகம், சாம்பல் நிறத்தில் அசையாமல் நின்றது. அதன்மேல் மல்லிகை மாலை மெதுவாக இறங்கியது. இருபுறமும் குத்துவிளக்கு எரிந்தது. அடியில் பொன்னெழுத்தில் "தோற்றம்" என்று அவர் பிறந்த ஆண்டு. பக்கத்தில் ஒரு கோடு. கோட்டுக்குப் பின் "மணிவிழா" என்ற சொல், அவர் முகம் திரும்பும்போது தோன்றும்படி அமைத்திருந்தேன். முகம் திரும்பவே இல்லை.

என் குரல் மட்டும் திருத்தமாக ஒலித்தது: "பண்பின் சிகரமாய்த் திகழ்ந்தவர். நம் நெஞ்சங்களில் என்றும் நீங்காது வாழ்பவர்." (வாழ்த்துக்கும் இரங்கலுக்கும் தமிழில் இடைவெளி இவ்வளவு குறைவு என்பது அன்றுதான் தெரிந்தது.)

தாமதமாக வந்து இருட்டில் என் பக்கத்தில் அமர்ந்த ஒரு பெரியவர் கைகளைக் குவித்துக்கொண்டார். "எப்பங்க நடந்துச்சு?" என்று என்னிடம் கேட்டார். "போன வாரம்தானே பாசார்ல மீன் வாங்கறப்ப பாத்தேன். நல்லாத்தானே இருந்தாரு, பாவம்."

நான் காணொளியை நிறுத்தினேன். திரையில் ஒன்றும் மாறவில்லை. ஏற்கெனவே நின்றிருந்த முகம் இப்போதும் நின்றது. ஆடிக்கொண்டிருந்த சுடர்கள் மட்டும் நின்றன. அது அதைவிடக் கெட்ட சகுனமாகத் தோன்றியதால் மறுபடி ஓடவிட்டேன். என் குரல் விட்ட இடத்திலிருந்து புகழத் தொடங்கியது.

முன்வரிசையில் பார்வதியின் கை தாலியைப் பற்றியது. அவர் எழுந்தார். தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்தார். மாப்பிள்ளை "அம்மா" என்று தணிந்த குரலில் அழைத்தது பின்வரிசை வரை கேட்டது. கவிதா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்கு எந்தப் பார்வையைவிடவும் சுட்டது. ஆயுள் நீடிக்கச் செய்யும் சடங்கின் நாளில், பார்வதியின் கணவருக்கு மாலை போட்டுக் காட்டியவளின் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

அப்போது சுந்தரம் எழுந்தார். நிதானமாக நடந்து திரைக்கு முன்னால் போய், தன் சாம்பல் முகத்தின் மேல் தன் முகம் விழும்படி, மாலைக்குச் சரியாக நடுவில் நின்றார்.

"நல்லா பாத்துக்குங்க. இருக்கேன்லா," என்றார். மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் மனைவியைப் பார்த்தார். "பார்வதி, தேதியச் சொல்லு. பேரப்புள்ளையப் பாக்காம நான் எங்கயும் போறதா இல்ல."

பார்வதி தட்டோடு அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இருக்கைகளுக்கு நடுவே என்னிடம் நடந்து வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"தை மாசம் வச்சுக்கலாம் சம்பந்தி," என்றார் தட்டை நீட்டியபடி. "ஆனா ஒன்னு. கல்யாண வீடியோ பக்கமே நீங்க வரக்கூடாது."

தை மாதம் கல்யாணம் சிறப்பாக நடந்தது. படம் எடுத்தவர் சிம்பாங் அம்பாட் வீடியோக்காரர். மாணவர்களை ஒரே பார்வையில் அடக்கிய நான், அவர் கேமராவிலிருந்து மரியாதையான தொலைவில் அமர்த்தப்பட்டேன்.

இன்று எங்கள் இரு வீடுகளிலும், வீடியோ அழைப்பில் யாருடைய முகமாவது உறைந்து நின்றால், "மாலை போட்டாச்சு" என்பார்கள். என் பேத்திகூடச் சொல்கிறாள். சுந்தரம் வேண்டுமென்றே அசையாமல் உட்கார்ந்து, நான் பதறி "சம்பந்தி, சம்பந்தி" என்று கூப்பிட்ட பிறகே கண் சிமிட்டுவார்.

அந்தக் கோப்பை அழித்துவிடுவதாக அவரிடம் ஒருமுறை சொன்னேன். அவர் அவசரமாகத் தடுத்தார்.

"அழிச்சிடாதீங்க சம்பந்தி, பின்னால தேவைப்படும். வேற கம்ப்யூட்டருக்கு மட்டும் மாத்தாதீங்க, சரியா ஓடிடும், அப்புறம் அன்னைக்குப் பாத்து நான் சிரிச்சுடப் போறேன்."

மூடி கழன்ற அந்தப் பழைய மடிக்கணினியை ஏன் இன்னும் மாற்றவில்லை என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். சிக்கனம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.