துரையின் பின்னங்காலும் என் கண்டுபிடிப்பும்

தென்காசிக்காரர்களுக்கு ஒரு நோய் உண்டு. குற்றாலத்துத் தண்ணீரில் குணமாகாத சீக்கே உலகத்தில் கிடையாது என்று நம்புவதுதான் அந்த நோய். மலைமேல் மூலிகை இருக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு வருகிறது, அருவி அதை நம் தலையில் ஊற்றுகிறது. தலைவலியா, அருவியில் நில். மூட்டுவலியா, அருவியில் நில். அருவியில் நின்றதால் சளி பிடித்துக்கொண்டதா, இன்னொரு தடவை போய் நில். கால்நடை மருத்துவம் படித்து, அதற்கு மேலும் படித்து, நுண்ணோக்கியில் கண் பூத்துப் போன பிறகும் இந்த நோய் என்னை விடவில்லை. அதனால்தான் பத்துப் பேருக்கும் ஒரு குதிரைக்கும் முன்னால் என் மானம் கப்பலேறியது.

என் ஆராய்ச்சி குதிரைகளின் குளம்பு அழுகல் பற்றியது. குளம்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் முக்கோணமாக, ரப்பர் மாதிரி ஒரு பகுதி இருக்கும். ஈரத்திலேயே நின்றால் அதன் பள்ளங்களில் கிருமி புகுந்து, கறுத்து, குழைந்து, நாறத் தொடங்கும். விட்டுவிட்டால் குதிரை நொண்டும். இதை நான் வீட்டில் விளக்கியபோது அம்மா கரண்டியோடு நின்றபடி கேட்டாள்.

"ஏட்டி செண்பகம், ஊருல உள்ள டாக்டர்லாம் மூஞ்சியப் பாத்து மருந்து எழுதுதாவ. நீ மட்டும் காலத் தூக்கிப் பாக்கப் போறியா?"

அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? கல்லூரியில் முதல் வருடம், நீளவாக்கில் அறுத்து வைத்திருந்த ஒரு குளம்பைப் பார்த்தேன். உள்ளே எலும்பின் மேல் நூற்றுக்கணக்கான மெல்லிய இதழ்கள். குளம்புச் சுவரின் உட்பக்கமும் அதே போல இதழ்கள். இரண்டு நோட்டுப் புத்தகங்களின் தாள்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்துவிட்டால் எப்படிப் பிரியாதோ, அப்படி இரண்டும் கோத்துக்கிடந்தன. குதிரை குளம்பின் மேல் நிற்கவில்லை, குளம்புக்குள் அந்த இதழ்களைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது. அவ்வளவு பெரிய உடம்பு, அந்த ஓட்டம், அந்தப் பாய்ச்சல், எல்லாம் இந்தத் தாள்களை நம்பி! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. (பக்கத்தில் நின்ற தோழிக்கு வாந்தி வந்தது. அவள் இப்போது வங்கியில் இருக்கிறாள்.)

என் பேராசிரியர் அதிகம் பேசமாட்டார். எதைச் சொன்னாலும் "ம்" என்பார். அந்த வருடம் மட்டும் முழு வாக்கியமாகப் பேசினார். "இந்தக் குற்றாலச் சீசன் முடிவதற்குள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீ கோழித் தீவனத்துக்கு மாறிவிடு." கோழிகளிடம் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இதழ்களைப் பார்த்த கண்ணால் தவிட்டைப் பார்க்க முடியுமா? நான் குதிரைகளிடமே இருந்துவிட வேண்டும். அதற்காக எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

சாரல் தொடங்கியதும் ஐந்தருவிப் பாதையில் சவாரிக்குக் குதிரை விடும் நான்கு பேரைப் பிடித்தேன். அவர்களில் பெரிய கை முப்பிடாதி அக்கா. நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஒரு காக்கிச் சட்டை, குரலோ அருவி இரைச்சலுக்கு மேலே ஒரு கட்டை. அவருடைய குதிரைதான் துரை. பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை, சுற்றுலாப் பயணிகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் நகரும்.

வாரம் ஒரு தடவை போய், ஒவ்வொரு குளம்பையும் தூக்கி, பஞ்சுக் குச்சியால் தடவி, குழாயில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவேன். கூடவே ஆறு பக்கக் கேள்வித்தாள். இங்கே எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். அப்பா ஓய்வு பெற்ற சப் இன்ஸ்பெக்டர். போலீஸ்காரர் வீட்டு ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வாசலில் போய் நின்றால், அந்த வீட்டில் அடுப்பில் இருப்பது கருகிவிடும். அதனால் யார் வீட்டுக்குப் போனாலும் முதல் நாளே போன் பண்ணிவிடுவோம். நானும் ஒவ்வொரு வாரமும் பண்ணினேன். "அக்கா, நாளைக்குக் காலைல வருதேன்." அவரும், "வாங்க டாக்டரம்மா" என்பார்.

முடிவுகள் வர வர ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். நாள் முழுக்கச் சேற்றிலும் ஈரத்திலும் நிற்கும் குதிரைகள். அழுகல் இருந்தே தீரவேண்டும். ஆனால் ஒரு குளம்பில்கூடக் கறுப்பு இல்லை, நாற்றம் இல்லை. ஆய்வகத்தில் கிருமி வளரவில்லை. இரண்டு மாதம், நான்கு வீட்டுக் குதிரைகள், எல்லாமே கோயில் சிலையின் பாதம் மாதிரி சுத்தம். கேள்வித்தாளில் "குளம்பு நோய் உண்டா?" என்ற இடத்தில் நால்வரும் "இல்லை".

ஒரு நாள் துரை அருவித் தண்ணீர் ஓடிவரும் வாய்க்காலில் நான்கு காலையும் வைத்துக்கொண்டு கண் மூடி நிற்பதைப் பார்த்தேன். மேலே மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மூலிகைத் தண்ணீர்! காலம் காலமாக நம் ஜனங்கள் சொன்னது பொய்யா? அன்றைக்கே பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன். அதில் "உலகிலேயே முதன்முறையாக" என்ற சொல் மூன்று இடங்களில் வந்தது. (நான்காவதை அடக்கம் கருதி நீக்கினேன்.)

பதில் வந்தது. "ம். வெள்ளிக்கிழமை நேரில் வருகிறேன்."

அப்பா அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். என் மகள் குற்றாலத் தண்ணீரின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டாள், வெள்ளிக்கிழமை நிரூபிக்கிறாள் என்று. அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற மூன்று பேர் உடனே வருவதாகச் சொன்னார்கள். ஆனால் பேராசிரியருக்கு வெள்ளிக்கிழமை வந்துசேர ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை காலையே தென்காசியில் இறங்கி நின்றார். ஓய்வு பெற்றவர்களுக்கு வியாழன் என்ன, வெள்ளி என்ன? நான்கு மீசைகளும் வேனில் ஏறின. அம்மா இட்லித் தூக்கோடு ஏறினாள். அந்தப் பரபரப்பில், வாழ்க்கையில் முதன்முறையாக, நான் போன் பண்ண மறந்துபோனேன்.

ஐந்தருவிப் பாதையில் எங்களைப் பார்த்ததும் முப்பிடாதி அக்காவின் முகம் வெளிறியது. மற்ற மூன்று பேரும் குதிரைகளை மறைத்துக்கொண்டு நின்றார்கள். நான் ஒன்றையும் கவனிக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றினேன். "ரெண்டு மாசமா இந்தத் தண்ணியில நிக்கிற குளம்பு, சார். இப்ப பாருங்க" என்று துரையின் பின்னங்காலைத் தூக்கினேன்.

முதலில் வந்தது நாற்றம். மீன் மார்க்கெட்டில் பத்து வருடம் டியூட்டி பார்த்த அப்பாவின் நண்பரே மூக்கைப் பொத்தினார். அம்மா இட்லித் தூக்கை மூடினாள். குளம்பின் அடியில் தார் ஊற்றியதைப் போலக் கறுப்பு. பாடப் புத்தகத்தில்கூட அவ்வளவு தெளிவான குளம்பு அழுகலை நான் பார்த்ததில்லை. என் கையில் குளம்பு, என் வாயில் பாதிச் சொற்பொழிவு.

"ஏன் டாக்டரம்மா, ஒரு போன் பண்ணியிருக்கப்பிடாதா?" என்றார் முப்பிடாதி அக்கா அழாத குறையாக. "நான் இன்னும் கழுவவே இல்லியே!"

அப்பாவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த சப் இன்ஸ்பெக்டர் எழுந்துகொண்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி முன்னே வந்தார்.

"பதறாம சொல்லும்மா. என்னத்தக் கழுவல?"

"சொல்லிருதேன் ஐயா. டாக்டரம்மா வாறாவன்னு போன் வந்ததும் கத்தி வச்சுக் கறுப்பச் சொரண்டிருவேன். உப்புத் தண்ணி ஊத்திக் கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் காச்சித் தடவி, ராத்திரி பூரா சாக்கு மேல நிக்க வச்சிருவேன்."

"எதுக்கு அப்படிச் செஞ்ச?"

"என்ன ஐயா இப்படிக் கேக்கீய? வீட்டுக்கு ஆளு வந்தா வாசலக் கூட்டித் தெளிக்க மாட்டமா? நாத்தம் புடிச்ச காலயா படிச்ச பிள்ள கையில குடுக்க? சீக்குன்னு எழுதிக் குடுத்துட்டாவன்னா சீசன்ல சவாரிய நிறுத்திப்புடுவாவளோன்னு பயமும் இருந்துச்சு."

"நீங்க மூணு பேரும்?" என்று அப்பா திரும்பினார்.

மூன்று பேரும் தலையைக் குனிந்தார்கள். "நாங்களும் அப்படித்தான் அண்ணாச்சி."

ஆறு பக்கக் கேள்வித்தாள் இரண்டு மாதத்தில் வாங்க முடியாத உண்மையை, அப்பா இரண்டே நிமிடத்தில் வாங்கிவிட்டார். எனக்குப் பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. கண்ணெதிரே கோழித் தீவனம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது.

பேராசிரியர் பையிலிருந்து குளம்புக் கத்தியை எடுத்துக்கொண்டு, சேற்றில் அப்படியே மண்டியிட்டார். துரையின் காலைத் தன் தொடைமேல் வாங்கிக்கொண்டு அழுகிய பகுதியை ஏடு ஏடாகச் சீவினார். கறுப்பு உதிர உதிர நாற்றம் குறைந்தது. கடைசி ஏடு கழன்றபோது அடியில் வெளிர் சாம்பல் நிறத்தில், இறுக்கமாக, பளபளப்பாகப் புதுக் குளம்பு தெரிந்தது. மேலே எல்லாம் அழுகிக்கொண்டிருந்தபோது, யாருக்கும் தெரியாமல் உள்ளே அது வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. துரை மூன்று காலில் அசையாமல் நின்றது. அப்பாவின் நண்பர்கள் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி குனிந்து பார்த்தார்கள். அம்மா இட்லித் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, "அடி ஆத்தி, அடியில இவ்வளவு அழகா இருக்கி!" என்றாள். அவமானத்தில் தலை தொங்கி நின்ற நானும் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன்.

"கழுவின பிறகு எத்தனை நாளில் மறுபடி கறுக்கும்?" என்று பேராசிரியர் முப்பிடாதி அக்காவிடம் கேட்டார்.

"துரைக்கு நாலு நாளு. பின்னங்கால்தான் மொதல்ல. ஓடுத தண்ணியில நின்னா ஒண்ணுஞ் செய்யாது ஐயா. ராத்திரி அதோட மூத்திரச் சகதியில நிக்குது பாத்தீயளா, அதான் வெனை. அந்தா, அவரு குதிரை கல்லுத் தரையில நிக்கி. அதுக்குப் பத்து நாளைக்கு மேல ஆவும்."

எந்தக் குதிரைக்கு எந்தக் கால், எத்தனை நாள், எந்தத் தரை என்று எல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தார். நான் பிரமித்துப்போய் நின்றேன். பேராசிரியர் முழங்கால் சேற்றைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். "இதுதான் உன் ஆராய்ச்சி. எழுதிக்கொள்." கோழிகள் தப்பித்தன. மூலிகைத் தண்ணீரை விட்டுவிட்டு, இரவில் குதிரை நிற்கும் தரையைப் பற்றித்தான் முனைவர் பட்டம் வாங்கினேன். நன்றியுரையில் முதல் பெயர் முப்பிடாதி அக்காவுடையது.

ஆனால் எங்கள் சொந்தக்காரர்கள் பட்டத்தையா ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? நான் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் போதும், பெரியப்பா முதல் பொடிசுகள் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் பின்னால் தூக்குவார்கள். "டாக்டரம்மா, இன்னும் கழுவல, பாத்துக்கிடுங்க!"

என்னைப் பெண் பார்க்க வாசுதேவநல்லூரிலிருந்து வந்த அன்றும் அப்பா வாய் சும்மா இருக்காமல் இந்தக் கதையைச் சொல்லிவிட்டார். நான் காபித் தட்டோடு கல்லாய் நின்றேன். மாப்பிள்ளை மெதுவாக எழுந்தார். சுவரைப் பிடித்தார். வலது காலைப் பின்னால் தூக்கி, "நானும் கழுவாமத்தான் வந்திருக்கேன்" என்றார். நகம் வெட்டி, வெடிப்பே இல்லாத, சுத்தமான பாதம். சேறும் சகதியுமான பாதையில் நடந்து வந்தவருக்கு அப்படி ஒரு பாதமா என்று பிரமித்துப்போய் அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டேன். முதல் நாளே அப்பா அவருக்குப் போன் பண்ணிக் கதையைச் சொல்லியிருந்தார் என்பதும், மாப்பிள்ளை எங்கள் தெருமுனைக் குழாயடியில் நின்று காலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வந்தார் என்பதும் கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.