இலைக்கு அம்புக்குறி போட்ட கதை

எதையாவது தெளிவாக்கப் போகிறேன் என்று கிளம்புகிறவனை வீட்டுக்குள் பூட்டி வைப்பது ஊருக்கு நல்லது. எழுபதுகளில் என்னை யாரும் பூட்டவில்லை.

சிங்கப்பூர் தேக்காவில் அப்பா வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கடை ஓடியது சமையல்காரர் ஸ்டெல்லா அக்காவின் கைப்பக்குவத்தால். (கல்லாவில் உட்கார்ந்து ஏப்பம் விடுவது அப்பாவின் பங்கு.) சாப்பாடு பிடித்திருந்தால் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும், பிடிக்காவிட்டால் வெளிப்பக்கமாக. அக்கா அடுப்படி ஜன்னல் வழியாக இலைகளை மட்டும்தான் பார்ப்பார். வாயால் யார் புகழ்ந்தாலும் நம்பமாட்டார்.

சீன வாடிக்கையாளர்கள் பெருகியதும் சிக்கல் வந்தது. மீன்தலைக் கறியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இலையை மடிக்காமலே எழுந்து போனார்கள்.

"புடிச்சுதா இல்லையான்னே தெரியலையே தம்பி. சமைக்கவே மனசு வரல," என்றார் அக்கா. அடுத்த தெருக் கடைக்காரர் வேறு அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா போயிட்டா கடைய மூட வேண்டியதுதான் லா," என்று அப்பா புலம்பினார்.

நான் அப்போதுதான் பாலிடெக்னிக் முடித்திருந்தேன். (உலகம் என் யோசனைக்காகக் காத்திருப்பதாக நினைப்பு.) கடை விடுமுறையன்று, யாரையும் கேட்காமல், ஒவ்வொரு மேசையின் நடுவிலும் சிவப்பு அம்புக்குறி வரைந்து, 'பிடித்திருந்தால் இப்படி மடிக்கவும்' என்று நாலு மொழியிலும் எழுதினேன்.

மேசைக்கு இரண்டு பக்கமும் பெஞ்சு இருப்பது என் நினைவிலேயே இல்லை. நான் உட்கார்ந்து வரைந்த பக்கத்தில் சாப்பிடுகிறவருக்கு அம்பு அவர் வயிற்றைக் காட்டியது. எதிரே உட்கார்ந்தவருக்கு அதே அம்பு இலையை வெளிப்பக்கம் தள்ளச் சொன்னது.

அறிவிப்பு என்றால் மறுபேச்சு பேசாத ஊர் இது. மறுநாள் மதியம் எதிர் வரிசை முழுக்க, பிறந்ததிலிருந்து இலையில் சாப்பிடும் தமிழர்கள் உட்பட, விரலை நக்கிவிட்டு இலையை வெளிப்பக்கமாக மடித்தது. அந்த ஒழுங்கைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது.

ஜன்னலில் அக்காவின் முகம் செத்துவிட்டது. கரண்டியைப் போட்டுவிட்டுக் கிளம்பப்போகிறார் என்று நடுங்கினேன்.

"யாரும் எந்திரிக்காதீங்க!"

அக்காவேதான். எதிர் வரிசைக்கு மட்டும் புது இலை போட்டார். சோறு, கறி, இறால் எல்லாம் மறுபடி வந்தன. ஒருவராவது வேண்டாம் என்று சொல்ல வேண்டுமே! சாப்பிட்டார்கள். அம்பைப் பார்த்தார்கள். வெளிப்பக்கமாக மடித்தார்கள். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறை இலை போட்டார். ஒரு பெண்ணின் ரோஷத்தையும் மனித வயிற்றின் கொள்ளளவையும் கண்டு அன்று வாய் பிளந்தவன், இன்னும் முழுதாக மூடவில்லை.

கடைசியில் ஒரு சீனப் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, செடாப் லா! ரொம்ப செடாப்! போதும்!" (செடாப் என்றால் மலாயில் ருசி.) பிறகு பாவமாக அம்பைச் சுட்டிக் காட்டினார்.

அக்கா சுற்றி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து அம்பைப் பார்த்தார். எதிர் பெஞ்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்போ எல்லாருக்கும் புடிச்சிருக்கா?" என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். கடைசிவரை அவர் எங்கள் கடையை விட்டுப் போகவில்லை. மறுநாளிலிருந்து எதிர் வரிசையில் இடம் பிடிக்கத்தான் அடிதடி.

இப்போது எதைச் சாப்பிட்டாலும் எத்தனை நட்சத்திரம் என்று கைப்பேசி கேட்கிறது. நான் விரலை நீட்டினாலே மகள் பிடுங்கிக்கொள்வாள்.

"அப்பா, நீங்க தொடாதீங்க. சமைச்சவங்க பாவம் லா, மறுபடி உலை வைக்கணும்."