பத்து நிமிஷம் பேசிய வானம்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் ஒரு தடவை வேற்றுக்கிரகவாசிகளைக் கண்டுபிடித்தேன். மூன்று வாரம்தான். ஆனாலும் கண்டுபிடித்தேன்.

காரணம் காதர் பாய். கூத்தாநல்லூர் பக்கத்தில் அவருடைய நிலத்தைத்தான் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறேன். வளைகுடாவில் முப்பது வருஷம் ரேடியோ பழுது பார்த்துவிட்டு வந்தவர், மொட்டைமாடியில் பெரிய தட்டு ஆன்டெனாவை நிறுத்தி, வானத்தில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதினோரு வருஷமாக ஒருத்தரும் பேசவில்லை. அவரும் அலுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பொறுமையை நான் கொக்கிடம்கூடப் பார்த்ததில்லை.

வயல் வேலை இல்லாத பொழுதெல்லாம் அவருடைய ஹெட்போனை நான் மாட்டிக்கொள்வேன். (மனிதர்களிடம் பேச எனக்குக் கூச்சம். எதிராளி அவ்வளவு தூரத்தில் இருந்தால் சௌகரியம்.) இதற்காகவே வயல் போர் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டேன். பம்புசெட்டுக்கு விடும் த்ரீ பேஸ் கரண்ட் வந்தால் மோட்டார் தானே ஓடும். நான் மாடியில் உட்காரலாம்.

ஒரு நாள் காதில் விழுந்தது: டக்... டக் டக்... டக். பத்து நிமிஷம். மறுநாளும் அதே நேரம். நோட்டில் எழுதினேன். முதல் வாரம் காலை ஒன்பது, அடுத்த வாரம் பகல் இரண்டு, மறுபடி ஒன்பது. பாய் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தஞ்சாவூர்க் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை அம்மாவை வரவழைத்தார்.

பாயின் மனைவி மைமூன் அக்கா கெடு வைத்தார். "இந்தத் தடவையும் ஒண்ணுமில்லன்னா தட்டைக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்."

பேராசிரியை மாடியில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார். "நட்சத்திரம்னா தினமும் நாலு நிமிஷம் முன்னாடி வரணுங்க. இது ஏன் திங்கட்கிழமையானா நேரம் மாத்திக்குது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "அவங்களுக்கும் ஷிப்ட் இருக்குங்க" என்றேன்.

மைமூன் அக்கா மாடிப்படியிலிருந்து சொன்னார்: "த்ரீ பேஸ் கரண்டுதான் வாராவாரம் ஷிப்ட் மாறும்."

சொல்லி வாய் மூடவில்லை, ஹெட்போனில் டக் டக் வந்தது. பாய் மெதுவாக வயல் பக்கம் திரும்பினார். என் போர் குழாயில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்திருந்தது.

"முருகையா, ஓடிப்போய் மோட்டாரை நிறுத்து."

வரப்பில் ஓடி, சேற்றில் விழுந்து எழுந்து, நிறுத்தினேன். "நின்னுருச்சு!" என்று மாடியிலிருந்து சத்தம். போட்டேன். "வந்துருச்சு!" மூன்று தடவை. கரண்ட் வந்ததும் ஊர் மோட்டாரெல்லாம் ஒன்றாக ஓட, முதல் பத்து நிமிஷம் குறைந்த மின்னழுத்தத்தில் ஸ்டார்ட்டர் ஒட்டியும் ஒட்டாமலும் பொறி பறக்கவிட்டதைத்தான் நான் அண்டவெளியில் கேட்டிருக்கிறேன். (இருபது வருஷ விவசாயிக்குக் கரண்ட் ஷிப்ட் தெரியவில்லை!)

இடுப்புவரை சேறோடு திரும்பினேன். பாய் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "பதினோரு வருஷத்துல இப்பத்தான் ஒருத்தன் பதில் சொல்லியிருக்கான். நிறுத்துன்னா நிறுத்துறான், போடுன்னா போடுறான்!"

"அப்ப தட்டைக் கழட்டலாமா?" என்றார் அக்கா.

"ஐயோ, வேணாங்க" என்றார் பேராசிரியை. "அவ்வளவு தூரத்துல இருக்கற ஸ்டார்ட்டரை இவ்வளவு சுத்தமா பிடிக்குது. எங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து காட்டணும்."

தட்டு தப்பித்தது. வருஷாவருஷம் கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். பாய் இன்னும் அலுக்காமல் கேட்கிறார். த்ரீ பேஸ் இல்லாத நேரமாகப் பார்த்து நானும்.

வீட்டில்தான் நிம்மதி இல்லை. மோட்டார் சத்தம் கேட்டால் போதும், என் மனைவி கொல்லையிலிருந்து குரல் கொடுப்பாள்: "ஏங்க, வந்துட்டாங்க பாருங்க. வாசல்லயே நிக்க வைக்காம வாங்கன்னு கூப்பிடுங்க!"