‘போறேன்’ என்று சொல்லும் கயிற்றுக்கடை அண்ணாச்சி

தூத்துக்குடி,
வியாழக்கிழமை மத்தியானம், கடையிலிருந்து.

பாசமும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை ஜெயகணேஷ் அவர்களுக்கு, மாமனார் சிவனாண்டி எழுதிக்கொண்டது.

இங்கே வீட்டில் ஆளும் கடையில் சரக்கும் தலைக்கு மேல் வெயிலும் குறைவில்லாமல் இருக்கின்றன. அங்கே பெங்களூரில் நீங்களும் மகள் முத்துச்செல்வியும் அப்படியே குறைவில்லாமல் இருக்க ஊர்த் தெய்வங்கள் அத்தனையும் துணை நிற்கட்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்கள் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுகிறது. வாட்சப்பில் எழுதினால் நீங்கள் பார்ப்பதற்குள் முத்துச்செல்வி பார்த்து, அழுது, ரயிலுக்கு டிக்கெட்டும் போட்டுவிடுவாள். அதனால் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்குக் கூரியரில் அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

விஷயம் இதுதான். நீங்கள் கதை எழுதியிருக்கும் வீடியோ கேமில் வருகிற கயிற்றுக்கடை அண்ணாச்சியைத் தயவுசெய்து கொன்றுவிடாதீர்கள்.

அந்த அண்ணாச்சியின் குரல் யாருடையது என்று உங்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. போன வருஷம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்தபோது, ‘மாமா, எங்க கேம்ல ஒரு கடைக்காரர் வர்றாரு, உங்க குரல்தான் வேணும்’ என்று என் தலையோடு போர்வையைப் போர்த்தி, உள்ளே போனை நீட்டி, துண்டு துண்டாக எத்தனையோ வாக்கியம் சொல்ல வைத்தீர்கள். எது எங்கே வரும் என்று சொல்லவில்லை. மனுஷன் போர்வைக்குள் வெந்துகொண்டிருக்கும்போது அடுக்களையில் உங்கள் அத்தை மிளகாய் வத்தல் வறுத்தாள். இருமல் வந்துவிட்டது. அதையும் பதிந்துகொண்டீர்கள். அப்புறம், ‘சரி, நான் போறேன்’ என்று ஒரு வரி இருந்தது. அப்போதே சொன்னேன்: ‘மாப்பிள்ளை, நம்ம பக்கம் வீட்டவிட்டு இறங்குதவன் போறேன்னு சொல்ல மாட்டான். வாரேன்னுதான் சொல்லுவான். போறேன்னா ஒரேயடியா போறான்னு அர்த்தம்.’ நீங்கள் சிரித்துக்கொண்டே, ‘சரி மாமா, வாரேன்னும் ஒரு தடவ சொல்லுங்க, எடுத்து வச்சுக்கிறேன்’ என்றீர்கள். மும்பையில் வளர்ந்த பிள்ளை, தமிழ் அவ்வளவுதான் என்று நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சித்திரை லீவுக்கு வந்தபோது கேமை டி.வி.யில் மாட்டிக் கொடுத்தீர்கள். வெளியே வருவதற்கு முன்னால் எங்களைப் போன்றவர்கள் விளையாடிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும் என்றீர்கள். குறை சொல்ல நம் வீட்டைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் முதலில் நான் ஒரு குறையும் காணவில்லை. பழைய காலத்து முத்துக்குளிக்கும் ஊர், ஜெபசுதா என்று துணிச்சலான ஒரு பெண், கடலுக்கு அடியில் ஒரு பூதம். இன்று இரவே கடல் பொங்கி ஊரை விழுங்கப் போகிறது, ஓடு தாயி ஓடு என்று கலங்கரை விளக்கத்துக் காவல்காரர் மாரில் அடித்துக்கொள்கிறார். நானும் பதறிப்போய் ஓடினேன். வழியில் ஒரு அம்மாள் மறித்து, தன் கோழியைக் காணவில்லை, தேடித் தா என்றாள். ஊரே முழுகப் போகிறது, இவளுக்குக் கோழி! சரி என்று தேடிக் கொடுத்தேன். பிறகு ஒருவருக்கு உப்பு மூட்டை சுமந்தேன். மீன் பிடித்தேன். ஒரு வாரம் மீன் பிடித்தேன். கடல் பொங்கவே இல்லை. அப்போதுதான் உங்கள் தொழிலின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டது. நாம் போய் அந்தக் காவல்காரரிடம் பேசினால்தான் அடுத்த அத்தியாயம் தொடங்கும். பேசாதவரை பூதமும் காத்துக்கொண்டிருக்கும். இவ்வளவு பொறுமையான பூதத்தை எங்கள் துறைமுகத்தில் எந்த ஆபீசிலும் பார்த்ததில்லை.

அந்தக் கயிற்றுக்கடையில்தான் ஜெபசுதா கயிறு வாங்குகிறாள். என் குரலைக் கேட்டதும் உங்கள் அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டு அமலோற்பவம் டீச்சரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். ரிட்டயர் ஆனதிலிருந்து டீச்சருக்கும் பொழுது போகவில்லை. வாங்கிய கயிறு அடிக்கடி அறுந்து ஜெபசுதா கடலில் விழுந்தாள், அதை நான் அந்தப் பெண்ணின் கவனக்குறைவு என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அண்ணாச்சியின் பேச்சுதான் முக்கியம். ஒவ்வொரு தடவையும் கயிற்றைக் கொடுத்துவிட்டு இருமுகிறார். இருமிவிட்டு, ‘சரி, நான் போறேன்’ என்கிறார். டீச்சர்தான் முதலில் நெஞ்சில் கைவைத்தார். ‘ஏசுவே! அண்ணாச்சி, இந்த மனுசன் என்னத்துக்குப் போறேன் போறேன்னு சொல்லுதாரு? நல்லதுக்கில்லயே’ என்றார்.

உடனே உங்களுக்குப் போன் போட்டேன். இருமல் வத்தலால் வந்ததுதானே, சும்மாதானே என்று கேட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? ‘மாமா, இந்தக் கதைல சும்மான்னு எதுவுமே கிடையாது. எல்லாமே ஃபோர்ஷேடோயிங். பின்னால நடக்கப்போறதுக்கு முன்னாலேயே ஒரு நூல் விட்டு வச்சிருப்போம்.’ இங்கிலீஷில் பெரிய பேர் வைத்திருக்கிறீர்கள். நாங்கள் அதைச் சகுனம் என்போம். அதற்குக் கரண்ட் செலவும் கிடையாது, ஒரு பூனை போதும். போனை வைத்ததும் முதல் அத்தியாயத்தை மறுபடி யோசித்துப் பார்த்தேன். ‘கடலுக்குப் போய்ட்டு வந்ததும் மகளுக்குக் கல்யாணம்’ என்று சொன்ன மீன்காரரைச் சுறா தின்றது. ‘வந்ததும் புதுப் படகு’ என்றவர் தலையில் பாய்மரம் விழுந்தது. இப்போது அண்ணாச்சி, ‘நாளைக்கு நானும் படகுல ஏறுறேன்... வந்ததும் கடைக்கு மாடி எடுக்கணும்’ என்கிறார். கேட்டதும் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டேன். ஏனென்றால், மாப்பிள்ளை, ஆபரேஷன் முடிந்ததும் கடைக்கு மாடி எடுக்க வேண்டும் என்று அன்று காலையில்தான் நானும் உங்கள் அத்தையிடம் சொல்லியிருந்தேன்.

ஆபரேஷன் என்று எழுதிவிட்டேன். எழுதியது எழுதியதுதான். நம் கயிற்றுக்கடையில் நைலான் சுருளைத் தூக்கும்போது குடல் இறங்கிவிட்டது. எந்த இடத்தில் என்று மாப்பிள்ளைக்கு எழுத முடியாது. டாக்டரம்மா, ‘சின்ன ஆபரேஷன்தான் அண்ணாச்சி. ஆனா தள்ளிப்போட்டா குடல் மாட்டிக்கிடும், அப்புறம் ஆபத்து’ என்றார். முத்துச்செல்விக்குத் தெரிய வேண்டாம்.

நான் போகாமல் இல்லை. போனேன். ஆனால் போவதற்கு முந்தின நாட்களில் நடந்ததைக் கேளுங்கள். வேம்பாரிலிருந்து என் தங்கை சொல்லாமல் கொள்ளாமல் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தாள். எதிர்க்கடைக்காரர் ஒரு ஹார்லிக்ஸ் கொடுத்தார். டீச்சர் ஒரு ஹார்லிக்ஸும் மாதா படமும் கொடுத்தார். உங்கள் கேமில் வழியெல்லாம் மருந்துப் புட்டியாகக் கிடந்தால் அதற்கு என்ன அர்த்தம்? அடுத்த கதவைத் திறந்தால் பெரிய பூதம் என்று அர்த்தம். சரி, மனதைத் தேற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், முதுகுப் பக்கம் திறந்த பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வராந்தாவில் டி.வி. பாடிக்கொண்டிருந்தது. நர்ஸம்மா வந்து அதை அணைத்தார். உங்கள் கேமில் பெரிய சண்டைக்கு முன்னால் பாட்டு நின்றுபோகுமே, அப்படியே நின்றது. அந்த அமைதியில் கதவு திறந்து ஒரு குரல், ‘சிவனாண்டி யாரு? வாங்க’ என்றது. நான் எழுந்தேன். உள்ளே போகவில்லை.

அங்கியோடு ரோட்டுக்கு வந்து முதலில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது திருச்செந்தூர் வழியாக, தசராவுக்கு வேசம் கட்டிக் காணிக்கை எடுக்கிற குலசேகரன்பட்டினம் போகிற பஸ். கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘என்ன அண்ணாச்சி, குலசைக்கு வேசமா? தசராக்கு இன்னும் நாள் கெடக்கே!’ என்றார். இல்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும். ஆமாம் என்றேன். ‘என்ன வேசம்?’ நோயாளி வேசம் என்றேன். ‘அச்சு அசலா இருக்கு’ என்று டிக்கெட் கிழித்தார். பின்சீட்டு அம்மாள் எழுந்து வந்து கையில் காணிக்கை வைத்து, தன் மருமகள் திருந்தும்படி அருள்வாக்கு கேட்டாள். திருந்துவாள் என்று சொல்லிவிட்டு முதுகை ஜன்னல் பக்கம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து நான் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. டாக்டரம்மாவிடம் பேசாதவரை அடுத்த அத்தியாயம் தொடங்காது என்பது என் கணக்கு. அதுவரை சில்லறை வேலையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டீச்சர் வீட்டுப் பூனையைத் தேடிக் கொடுத்தேன். எட்டயபுரத்துக்காரர் ஒருவர் கடையில் மறந்துவிட்டுப் போன குடையை அவர் ஊருக்கே கொண்டுபோய் நீட்டினேன், ‘இது என் குடை இல்லயே’ என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால், ‘அடுத்த வாரம் வாரீயளா அண்ணாச்சி?’ என்று ஒரே வசனத்தைத்தான் சொல்லுகிறார்கள். புது வசனம் வராதவரை கதை நகரவில்லை என்று தைரியமாக இருந்தேன். ஆனால் மாப்பிள்ளை, கேமில் நிற்கிற மாதிரி வயிறு நிற்கமாட்டேன் என்கிறது. எட்டயபுரம் பஸ்ஸில் குலுங்கி வந்ததிலிருந்து வலி கூடியிருக்கிறது. ராத்திரி உங்கள் அத்தை தூங்குவது போலப் படுத்துக்கொண்டு என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடம் சொல்ல?

கேமிலும் அதே நிலைதான். காவல்காரரிடம் பேசினால் படகு கிளம்பும், படகு கிளம்பினால் அண்ணாச்சி போய்விடுவார். ‘அவருகிட்டப் பேசவே கூடாது ஏளா’ என்று உங்கள் அத்தையிடம் மாதா படத்தின் மேல் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஜெபசுதா கரையில் நின்று இன்னமும் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அண்ணாச்சி உயிரோடு கரைக்குத் திரும்புவார் என்று உங்கள் கம்பெனி லெட்டர்ஹெட்டில், சீல் வைத்து எழுதி அனுப்புங்கள். அந்தப் ‘போறேன்’ என்கிற வார்த்தையை எடுத்துவிட்டு, நான் தந்த ‘வாரேன்’ என்பதைப் போடுங்கள். தமிழ் தெரியாதவர் எழுதிய தமிழுக்கு என் உயிர் போக வேண்டாம். அந்தத் தாள் கைக்கு வந்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அதுவரை ஒரு அடி நகரமாட்டேன்.

உங்கள் கேம் கப்பல் கப்பலாக விற்கட்டும். முத்துச்செல்வியின் கையில் நல்ல நல்ல செய்தியாக வந்து சேரட்டும். கருப்பட்டியும் நெத்திலிக் கருவாடும் தனித்தனிப் பொட்டலமாக அனுப்புகிறேன், சேர்த்து வைத்துவிட வேண்டாம். அத்தையின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உயிரைக் கையில் பிடித்திருக்கும் மாமனார்,
சிவனாண்டி.

பி.கு.: மேலே எழுதியது எதுவும் செல்லாது. கவரை ஒட்டப் பசை வாங்கிக்கொண்டு வந்து பார்க்கிறேன், வீட்டுக்குள் ஒரே கூச்சல். நான் கடையில் இருக்கும் மத்தியானங்களில் உங்கள் அத்தையும் டீச்சரும் என் ஆட்டத்தைத் தொடாமல் தனியாக ஒரு ஆட்டத்தை ஓட்டிக் கடைசி அத்தியாயத்துக்கே போய்விட்டிருக்கிறார்கள்! சத்தியம் என்னாச்சு என்று கத்தினேன். ‘நான் எங்க பேசுனேன்? பொத்தான அமுக்கினது டீச்சர்’ என்றாள்.

அண்ணாச்சி சாகவில்லை. சாகாதது மட்டுமா? கடல் பொங்கினால் கயிறு நன்றாக விற்கும் என்று பூதத்தை எழுப்பிவிட்டதே அவர்தானாம்! ஜெபசுதாவின் கயிறு ஏன் அறுந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. இற்றுப்போன கயிறு விற்றிருக்கிறார், என் குரலில்! உங்கள் அத்தை இதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாளாம். ‘உங்க குரல் நல்லாருக்குன்னு நீங்க கேட்டுக்கிட்டிருந்தீய. நான் கயிறப் பாத்துக்கிட்டிருந்தேன்’ என்கிறாள். கடைசிச் சண்டையே அவரோடுதான். நான் பார்க்கப் பார்க்க, உங்கள் அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவரைத் துடுப்பால் அடிக்கிறாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைக் கல்யாணத்தன்று கூட நான் பார்த்ததில்லை. அவர் இருமி, ‘போறேன்’ என்று விழுகிறார். டீச்சர் சிலுவை போட்டுக்கொள்கிறார். உடனே அவர் இரண்டு பங்கு உயரமாக எழுந்து நிற்கிறார்! மறுபடி அடி. மறுபடி ‘போறேன்’. மறுபடி எழுந்தார், இந்தத் தடவை கையில் நங்கூரம். உங்கள் அத்தை திரையைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: ‘போறேன் போறேன்னு சொல்லிக்கிட்டே போகமாட்டேங்காரே இந்த மனுசன்! ஆஸ்பத்திரிக்குப் போறேன் போறேன்னு நீங்க சொல்லுத மாதிரியே.’

கடைசியில் ஒருவழியாகக் கடலில் தள்ளிவிட்டாள். திரை இருண்டது. பாட்டு நின்றது. அந்த இருட்டுக்குள்ளிருந்து, போர்வைக்குள் வெந்துகொண்டு நான் சொன்ன அந்த ஒரே வார்த்தை, என் சொந்தக் குரலில் வந்தது. ‘வாரேன்.’

உங்கள் அத்தையின் கையிலிருந்து ரிமோட் விழுந்துவிட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ‘கேட்டீயளா? வாரேன்னுட்டாரு. கெளம்புங்க’ என்று என் செருப்பை எடுத்து வைத்தாள். உங்களுக்குத் தமிழ் தெரியாது என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். அந்தப் ‘போறேன்’ அப்படியே இருக்கட்டும், ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். அடுத்த பாகத்துக்குக் குரல் வேண்டுமென்றால் தையல் பிரித்த பிறகு கேளுங்கள், இருமல் மட்டும் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்ளுங்கள். டீச்சர் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார், வாசலில் ஹாரன் அடிக்கிறான்.

சரி மாப்பிள்ளை, வாரேன்.