கினிப்பிக் கொட்டிலுக்கு ஐஸ் வைத்த கதை

அன்று எங்கள் வீட்டுப் பின்வளவில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஆளாளுக்குக் கூட்டிச் சொல்கிறார்கள்.

நான், சூசை. குருநகர், கடல்தொழில். என் மனைவி றெஜினா. மகன் அன்ரன். அவன் கட்டிய பிள்ளை கீர்த்தனா. கீர்த்தனாவின் தகப்பன் சிவபாலன். உரும்பிராயில் வெங்காயம் செய்கிறவர். அவர் மனைவி பவளராணி. மதிலுக்கு அந்தப் பக்கம் பிலோமினா அக்கா. துணி காயப்போட வந்தவராம். (அவருடைய கொடி வீட்டுக்கு முன்பக்கம்.)

கினிப்பிக் இரண்டு, கீர்த்தனா வளர்க்கிற வாலில்லாத சிறு பிராணிகள். மண்ணிறம் லட்டு. வெள்ளை பஞ்சு.

பூனைகளைப் பற்றி இப்போது சொல்லவில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இதை எழுதச் சொன்னது கீர்த்தனா. எழுத்துப் பிழைகளை அவள் திருத்துவாள். மற்றப் பிழையைத் திருத்த ஏலாது.

அன்ரனும் கீர்த்தனாவும் விரும்பிக் கட்டினார்கள். நாங்கள் வேதக்காரர். அவர்கள் சைவம், வீட்டில் மரக்கறி மட்டும். கலியாணத்துக்கு அவள் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. "மீன் மணக்கிற வீட்டிலை என்ரை பிள்ளை எப்பிடி இருப்பாள்" என்று தாய் கேட்டதாக, அன்ரன் ஒரு நாள் கோபத்தில் சொல்லிவிட்டான். கீர்த்தனா அதை எங்களுக்குச் சொன்னதில்லை. நானும் தெரிந்ததாகக் காட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் சட்டையை அடிக்கடி மணந்து பார்ப்பேன். ஒரு மணமும் வராது. நாற்பது வருடம் கடலில் நின்றவனின் மூக்குக்கு மீன் மணம் என்று ஒன்று கிடையாது. அது எனக்கு அப்போது தெரியாது. சட்டை சுத்தம் என்று நினைத்தேன்.

அவள் எங்கள் வீட்டுக்கு ஒரு சூட்கேசும் ஒரு காட்போட் பெட்டியும் கொண்டு வந்தாள். பெட்டிக்குள் இந்த இரண்டும். றெஜினா எட்டிப் பார்த்தாள்.

"எலி," என்றாள்.

"இல்லை மாமி, கினிப்பிக்."

"பெரிய எலி."

வீட்டுக்குள் வைக்க றெஜினா விடவில்லை. பிள்ளை எதிர்த்துக் கதைக்கவில்லை. பெட்டியைக் குசினி வாசலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தியிருந்தாள். அந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்ல அவளுக்கு வேறொன்றும் இல்லை. எனக்குப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. கொட்டில் கட்டித் தருகிறேன் என்றேன்.

"எப்பிடிக் கட்ட வேணும், சொல்லு பிள்ளை."

"வெயில் படக் கூடாது மாமா."

"சரி."

"ஈரமும் கூடாது."

"சரி."

"காத்து வேணும். ஆனா நேரை அடிக்கக் கூடாது. மாரிக்கும் கோடைக்கும் ஒரே மாதிரி இருந்தா நல்லம்."

"எங்களுக்கே அப்பிடி ஒரு வீடு இல்லை, பிள்ளை."

சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நான் மாடி வீடு கட்டியிருப்பேன். கையில் இருந்தது என்னுடைய பழைய சாமான்தான்.

கரையில் என் பழைய பைபர் படகு பாறையில் அடிபட்டு இரண்டாகக் கிடந்தது. முன்பாதியை அன்ரனும் நானும் தூக்கி வந்து கவிழ்த்தோம். அதுதான் கூரை. கடலிலேயே தண்ணீர் விடாத சாமான், மழைக்கு விடுமா? வெள்ளம் ஏறாமல் இருக்கக் கீழே நாலு சீமெந்துத் தூண். பலகைச் சுவர். சுவருக்கு உள்ளே, மீனுக்கு ஐஸ் போடுகிற ரெஜிபோம் பெட்டிகளின் மூடிகளை அடித்தேன். சூடும் வராது, குளிரும் வராது. உள்ளே தட்டுப் பலகையில் சீலிங். சன்னலுக்குச் சூடை மீன் பிடிக்கிற வலை. நிலத்துக்கு வைக்கோல். கூரைக்கு மட்டும் ஆணி அடிக்கவில்லை. கூட்டித் துடைக்கும்போது கிளப்ப வேண்டுமே. (இதை ஞாபகம் வைத்திருங்கள்.)

"சன்னலுக்குக் கம்பி வலை நல்லம் மாமா," என்றாள் கீர்த்தனா.

"இது என்ரை வலை, பிள்ளை. ஒண்டும் ஆகாது."

இரண்டும் வலையைத் தின்றன. பின்னேரம் நான் ஊசி எடுத்துப் பொத்துவேன். விடியப் பார்த்தால் புது ஓட்டை. கடலில் சுறா அறுத்த வலையைக்கூட இவ்வளவு பொத்தியதில்லை. ஆனாலும் கம்பி வலை வாங்கவில்லை. ரோசம்.

மற்றபடி கொட்டில் நின்றது. கார்த்திகை மழைக்கு எங்கள் குசினி ஒழுகியது, கொட்டில் ஒழுகவில்லை. மார்கழிக் குளிருக்குச் சன்னலில் சாக்குத் தொங்கவிட்டேன். இரண்டும் வைக்கோலுக்குள் புதைந்து கொழுத்தன. நான் கரையில் எல்லோரையும் பிடித்துச் சொன்னேன். கதைக்காதவன் கதைத்தால் சனம் கேட்கும். பாதரே ஒரு நாள் பூசை முடிந்து "எலிக்கு வீடு கட்டினனீராம்" என்று விசாரித்தார். எனக்குப் பெருமைதான்.

சித்திரை வந்தது.

"அப்பாவும் அம்மாவும் வருகினம் மாமா," என்றாள் கீர்த்தனா. "ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் இஞ்சை சாப்பிடுகினமாம்."

சொல்லும்போது அவள் கை கதவைப் பிடித்திருந்தது. அவர்கள் வந்து பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு போனால் இனி வரமாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தக் கிழமை எங்கள் வீட்டில் மீன் இல்லை. பிடித்ததைக் கரையிலேயே விற்றுவிட்டு வெறுங்கையோடு வந்தேன். வலைகளை அயலில் கொண்டுபோய்ப் போட்டேன். றெஜினா சட்டி பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், நிலத்தை மஞ்சள் தண்ணீரால் கழுவினாள், சாம்பிராணி போட்டாள். ஒழுங்கையில் படுத்திருக்கும் பூனைகள் என் சைக்கிளைக் கண்டு எழும்பும். கூடையைப் பார்க்கும். திரும்பப் படுக்கும். (நாங்கள் பருப்புத் தின்றோம். அவை என்ன தின்றனவோ தெரியாது.)

ஞாயிறு வெயில் நெருப்பு. பூசையால் வந்து வேட்டி கட்டிக்கொண்டு நின்றேன். சாரம் கட்டிப் பழகியவனுக்கு வேட்டி கட்டினால் நடை வராது. கீர்த்தனா ஓடிவந்தாள்.

"மாமா, பஞ்சு நீட்டிக்கொண்டு படுத்திருக்கு. மூச்சு வாங்குது."

படகுக்குக் கீழே கையை விட்டேன். பாண் சுடுகிற போறணை மாதிரிச் சூடு. மழைக்கு விடாத பைபர், வெயிலைப் பிடித்து வைத்திருந்தது.

"உள்ளுக்கை கொண்டுவரட்டோ மாமி?"

"இண்டைக்கோ? நிலம் கழுவிப்போட்டன். புழுக்கையை ஆர் அள்ளுறது?" என்றாள் றெஜினா.

தாய் தகப்பன் வருகிற அன்று அது செத்துக் கிடந்தால்? எனக்கு ஒன்றுதான் தோன்றியது. பின்னால் என் ஐஸ் பெட்டி இருந்தது. முதல் நாள் கரையில் விற்ற சூடை மீனுக்குப் போட்ட ஐஸில் மிச்சம் அதற்குள். அதைச் சாக்கில் கொட்டிக் கட்டினேன். மீனுக்கு ஐஸை மேலே போட வேண்டும். குளிர் கீழே இறங்கும். நான் படித்த படிப்பு அது. படகுக் கூரையைக் கிளப்பி, சீலிங் பலகைக்கு மேலே சாக்கை வைத்து மூடினேன். வைப்பதற்கு முன் மணந்தும் பார்த்தேன். ஒரு மணமும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் பஞ்சு எழும்பிப் புல்லுத் தின்றது.

"நல்ல வேலை செய்தீங்கள் மாமா," என்றாள் கீர்த்தனா.

அவர்கள் ஓட்டோவில் வந்தார்கள். ஒரு சாக்கு வெங்காயம், ஒரு குலை கதலி. சிவபாலன் என்னைப் போலத்தான், வாயைத் திறந்தால் காசு விழுந்துவிடும் என்று நினைக்கிற ஆள். கதிரையில் இருந்து விசிறியைப் பார்த்தார். நானும் விசிறியைப் பார்த்தேன். அவரில் பச்சை வெங்காய மணம் கும்மென்று அடித்தது. மரியாதைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. றெஜினா தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தாள்.

"சமையல் முழுக்க மரக்கறிதான்," என்றாள். "ஒரு கிழமையா வீட்டிலை மீன் இல்லை."

பவளராணி சுற்றிப் பார்த்தார். மூச்சை இழுத்தார். பிறகு மகளின் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார். எனக்குக் கேட்டது.

"ஒரு மணமும் இல்லை, பிள்ளை."

கீர்த்தனா என்னைப் பார்த்தாள். நான் விசிறியைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய மீன் பிடித்ததில்லை.

அதோடு நின்றிருக்கலாம்.

"உன்ரை எலியள் எங்கை?" என்று கேட்டார் சிவபாலன்.

"வாங்கோ அப்பா. மாமா கொட்டில் கட்டித் தந்தவர்."

முன்னுக்கு அவள் போனாள். பிறகு அவர்கள். பிறகு நாங்கள்.

ஐஸ் பாதி உருகியிருந்தது. தண்ணீர் சுவரால் வடிந்து, தூணால் இறங்கி, மணலில் ஊறியிருந்தது. கொட்டிலைச் சுற்றிப் பூனை. படகுக்கு மேலே பூனை. தூணை நக்கிக்கொண்டு பூனை. பிந்தி வந்தவை மதிலில் வரிசையாக இருந்தன. ஒன்றும் சத்தம் போடவில்லை. பெரிய வெள்ளிக்கிழமைக்குக் கோயிலில் சனம் இருக்கிற மாதிரி இருந்தன.

"ஆரின்ரை பூனையள்?" என்று கேட்டார் சிவபாலன்.

"தெரியாது," என்றேன்.

அவை திரும்பின. என்னைக் கண்டன. ஒரு கிழமையாகக் காணாத ஆள். எல்லாம் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து என் வேட்டியில் உரசின. ஒன்று ஏறவும் பார்த்தது.

"உங்களைத் தெரியும் போலை கிடக்கு," என்றார் சிவபாலன்.

அந்த நேரம் உள்ளே பஞ்சு கீச்சிட்டது. ஒரு கடுவன் பூனை மட்டும் என்னிடம் வரவில்லை. நான் பொத்திய இடத்தால் கையை விட்டு அதன் காதைப் பிடித்திருந்தது. "மாமா" என்று கீர்த்தனா கத்தினாள். நான் கடுவனைப் பிடித்து இழுக்காமல், புத்திகெட்டு, கூரையைக் கிளப்பினேன்.

ஆணி அடிக்காத கூரை. ஒரு பக்கம் கிளம்ப, மறுபக்கம் சரிந்தது. சாக்கு வழுக்கி என் நெஞ்சில் விழுந்து வெடித்தது. நான் ஐஸ் தண்ணீரில் சறுக்கி மல்லாக்க விழுந்தேன். (வேட்டியைப் பற்றி எழுதமாட்டேன். மருமகள் வாசிப்பாள்.) ஐஸோடு ஐஸாக நான் காணாத சூடை மீன்கள் நாலைந்து உறைந்து கிடந்தன. ஒன்று பறந்துபோய் சிவபாலனின் காலில் விழுந்தது. மற்றவை எனக்கு மேலே. பூனைகள் எனக்கு மேலே. வலை கிழிந்தது. லட்டு துவைக்கிற கல்லுக்குக் கீழே ஓடியது. பஞ்சு நேரே ஓடிப் பவளராணியின் காலுக்குள் புகுந்தது. அந்த மனுசி குனிந்து அதை அள்ளிச் சீலைத் தலைப்பில் சுற்றினார். பட்டுச் சீலை. இரத்தம் பட்டது.

அன்ரன் விளக்குமாறு எடுத்து வந்து பூனைகளை அடித்தான். பாதி அடி எனக்கு. கீர்த்தனா அழுதுகொண்டு நின்றாள். அவள் எங்கள் வீட்டில் அழுதது அன்றுதான் முதல் தடவை. அதற்குக் காரணம் நான்.

சிவபாலன் தன் காலில் கிடந்ததை வாலில் பிடித்துத் தூக்கினார்.

"மீன் இல்லை எண்டு சொன்னியள்."

"ஓம்."

"இது?"

"சூடை."

"பேர் கேக்கேல்லை."

மதிலுக்கு மேலால் பிலோமினா அக்கா, "சூசையண்ணை, அடி பட்டதே?" என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிறகு கேட்டது பவளராணியின் குரல். அழுத்தமான குரல்.

"மஞ்சள் இருக்கோ?"

றெஜினா ஓடிப்போய் மஞ்சள் எடுத்து வந்தாள். இரண்டு பெண்களும் கிணற்றடியில் குந்தினார்கள். பஞ்சுவின் இடது காதின் நுனி இல்லை. றெஜினா அதன் வயிற்றைப் பிடித்திருந்தாள், பவளராணி மஞ்சள் அப்பினார். எலி என்று ஒதுக்கியவள் அதைத் தொட்டது அன்றுதான்.

"நெஞ்சு என்ன மாதிரி அடிக்குது," என்றாள் றெஜினா.

"பயந்துபோச்சு. இறுக்கிப் பிடியாதேங்கோ."

நான் குளித்து, சாரம் கட்டி வர, அன்ரன் கல்லுக்குக் கீழிருந்து லட்டுவைப் பிடித்துவிட்டிருந்தான். எல்லோரும் சாப்பிட்டார்கள். என் தலையிலிருந்து பூசணிக்காய்க் கறிக்கு மேலால் மணம் வந்திருக்க வேண்டும், நான் அறியேன். பவளராணி மடியில் பஞ்சுவை வைத்துக்கொண்டு ஒரு கையால் சாப்பிட்டார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"என்ரை பிழை."

சிவபாலன் மோர் குடித்தார்.

ஓட்டோவில் ஏறும்போதுதான் வாய் திறந்தார்.

"கொட்டில் நல்ல கொட்டில். கூரைக்கு ஆணி அடியுங்கோ."

ஓட்டோ திரும்பும்வரை நின்றேன். அதன் பின்னும் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே போக வெட்கம்.

இப்போது கூரை கதவு மாதிரித் திறக்கப் பிணைச்சல் போட்டிருக்கிறேன். படகுக்கு மேலே கிடுகு வேய்ந்து, இடையில் காற்றுப் போக இடம் விட்டிருக்கிறேன். சன்னலுக்குக் கம்பி வலை. ரெஜிபோம் மூடிகளைக் கழற்றி, கடையில் புதிது வாங்கி அடித்தேன். வெயில் நேரம் கீர்த்தனா போத்தலில் தண்ணீர் உறையவைத்துத் துணியில் சுற்றி உள்ளே வைக்கிறாள். அப்படித்தான் வைக்க வேண்டுமாம். முதலே கேட்டிருக்கலாம். பஞ்சு என் கையில் புல்லுத் தின்னும். தின்னும்போது அந்தக் காது எனக்கு நேரே இருக்கும்.

அந்தக் கதை நத்தார்ப் பண்டிகைக்கும் சொல்கிறார்கள், பொங்கலுக்கும் சொல்கிறார்கள். அன்ரன் பூனை பத்து என்பான். றெஜினா முப்பது என்பாள். பிலோமினா அக்கா கோயிலில் என்ன சொன்னார் என்று நான் விசாரிக்கவில்லை.

சிவபாலன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் எடுப்பார். மகளுக்கு இல்லை, எனக்கு. சுகம் கேட்கமாட்டார்.

"பூனை எத்தனை, சம்பந்தி?"

"எண்ணேல்லை."

பிறகு அவர் வெங்காய விலை சொல்வார். நான் மீன் விலை சொல்வேன். வைத்துவிடுவோம்.

எண்ணவில்லை என்பது பொய். கரையில் கொட்டிய மீனை எண்ணிப் பழகிய கண். மல்லாக்கக் கிடந்தபோது எனக்கு வேறு வேலையும் இருக்கவில்லை.

பதினெட்டு.