இடப்பக்கக் காவலருக்கு நீக்க உத்தரவு

அன்பும் அடக்கமும் ஒருங்கே அமைந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்காவும் சுகம். அங்கு தாங்களும் தங்கள் மனைவியும் தங்கள் முதுகுவலியும் எப்படி என்று அறிய ஆவல். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் சொன்னால் நடுவில் பேசுவீர்கள். அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்கு நாம் கம்ப்யூட்டரில் ஆடுகிற விமானச் சண்டையில், என் இடப்பக்கத்தைக் காவல் காக்கும் பொறுப்பிலிருந்து தங்களை இன்று முதல் நீக்கியிருக்கிறேன். காரணங்களைப் பொறுமையாகப் படிக்கவும்.

கடந்த ஆறு ஞாயிறுகளில் நான் ஒன்பது முறை சுட்டு வீழ்த்தப்பட்டேன், ஒன்பது முறையும் இடப்பக்கத்திலிருந்து. ஒருமுறையாவது மேலேயிருந்தோ, சூரியனுக்குள் ஒளிந்தோ எவனாவது வந்திருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பேன்; முகம் தெரியாத ஊர்களில் உட்கார்ந்து ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் கூடிப் பேசி வைத்துக்கொண்ட மாதிரி இடப்பக்கமாகவே வருகிறார்கள். நான் என்ன சண்டை தெரியாதவனா? முதலில் உயரம் பிடி, பிடித்த உயரத்தை வீணாக்காதே, ஓடுகிறவனைத் துரத்திக்கொண்டு தனியாகப் போகாதே, ஒருத்தனையே முறைத்துக்கொண்டிருக்காமல் ஐந்து விநாடிக்கு ஒரு தடவை தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே? இருபத்தெட்டு வருடமாக டிரைவிங் ஸ்கூலில் கண்ணாடியைப் பார், கண்ணாடியைப் பார் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியவன் நான். நீங்கள் என்னடாவென்றால் ஹெட்போனில் "அத்தான், இடது பக்கம்" என்று நாலு தடவை சொல்லிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறீர்கள். நான் பார்க்கிறேன், அங்கே வெறும் வானம். அடுத்த நிமிஷம் என் இறக்கை எரிகிறது. இதற்கு ஒரு காவல், அதற்கு ஒரு ஹெட்போன்!

இதில் போன வாரம் நீ என் ஸ்க்ரீனில் ஓடிய ஆட்டத்தைப் பதிவு செய்து அனுப்பினாய் பார், அதுதான் எனக்கு ஆறவே இல்லை. (தாங்கள், தங்கள் என்று எழுதக் கை வலிக்கிறது. இனிமேல் நீதான்.) எதிரி விமானம் பதினொரு விநாடி என் ஸ்க்ரீனின் இடது ஓரத்தில் நன்றாகத் தெரிகிறதாம். உன் அக்கா பார்த்தாளாம். "இதோ, இதோ" என்று விரல் வைத்துக் காட்டுகிறாள். விரல் வைத்த பிறகு எனக்கும் தெரிந்தது, அதுவரை இல்லை. அக்காவும் தம்பியும் சேர்ந்துகொண்டால் இல்லாததையும் வரவழைப்பீர்கள் என்று எனக்குக் கல்யாணமான மறுநாளே தெரியும்.

வீட்டிலும் இதே கதைதான். உன் அக்கா டீ டம்ளரை எப்போது வைக்கிறாள், எங்கே வைக்கிறாள் என்றே தெரிவதில்லை, என் இடது கை பட்டு இந்த மாதம் மட்டும் நாலு டம்ளர் கவிழ்ந்துவிட்டது, ஒன்று புது சட்டையின் மேல். படுக்கையறை வாசல் நிலையை, வீடு கட்டியபோது வந்த தச்சர் உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், இடது தோளில் இடித்துக்கொண்டே இருக்கிறேன். இருபது வருடம் கழித்து அவரை எங்கே போய்த் தேடுவது? ஆனால் ஒரு சந்தோஷமான சமாசாரம். என்னிடம் ஓட்டக் கற்றுக்கொள்கிற துணிக்கடைப் பெண், போன செவ்வாய்க்கிழமை இடது சந்திலிருந்து ஒரு சைக்கிள் பாய்ந்து வந்ததும் நான் வாயைத் திறப்பதற்கு முன் தானே பிரேக் போட்டுவிட்டாள். என் பக்கத்து பிரேக்கில் நான் காலே வைக்கவில்லை. பதினைந்தே நாளில் ஆளை அப்படித் தயார் பண்ணியிருக்கிறேன். அவள்தான் ஏனோ வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

உன் இடத்துக்கு ஆள் போட்டாகிவிட்டது. உன் அக்காதான். விமானத்துக்கு மூக்கு எது வால் எது என்று அறியாதவள், போன ஞாயிறு தானாக ஒரு ஸ்டூலை இழுத்து என் இடப்பக்கம் போட்டுக்கொண்டு, சட்டைப் பொத்தானைத் தைத்தபடியே "கறுப்பா ஒண்ணு வருதுங்க, திரும்புங்க" என்றாள். திரும்பினேன், சுட்டேன், விழுந்தான். அன்றைக்கு மட்டும் மூன்று பேர். இப்போதெல்லாம் அவளுக்கு என் மேல் பாசமும் ஒரு சுற்றுக் கூடிவிட்டது. கடைத்தெருவில் என் இடக்கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். இந்த வயதில் என்ன இது என்று எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் கையை விடுவித்துக்கொள்ளவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாளைக்குக் கண் டாக்டரிடம் வரச் சொல்லி அழுதாள். நீதான் மூட்டிவிட்டிருப்பாய். தூரத்தில் வருகிற பஸ் நம்பரை இன்றும் படிக்கிற கண் இது. அவள் அழுகைக்காகப் போய் வருகிறேன்.

உன் முதுகுவலி நீங்கி, உன் வீட்டு இன்டர்நெட் ஒரு நாளும் நடுவில் நிற்காமல், உனக்கு வேறொரு நல்ல தலைவன் வாய்த்து, நீயும் உன் மனைவியும் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
உன் அத்தான்.

பி.கு.: கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. இன்று கண் ஆஸ்பத்திரியில் ஒரு இயந்திரத்தில் முகவாயை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வலது பக்கம் படபடவென்று அழுத்தினேன். இடது பக்கம் புள்ளியே போடவில்லை, உங்கள் மிஷின் ரிப்பேர் என்றேன். டாக்டர் காகிதத்தைக் காட்டினார், இடப்பக்கம் முழுக்கக் கறுப்பு. கண்ணுக்குள் அழுத்தமாம். இடது கண்ணில் முக்கால்வாசி போய்விட்டது, வலது கண்ணிலும் இடது ஓரம் தேய ஆரம்பித்திருக்கிறது. வலிக்காதாம், போன இடத்தை மூளையே நிரப்பிக்கொள்ளுமாம். போனது வராது, சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் அதுவும் இல்லை என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். மைத்துனர் சொன்னார் என்றேன்.

கார் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டேன், இனி எனக்குப் பாட வகுப்பு மட்டும். அந்தத் துணிக்கடைப் பெண்ணுக்குப் போன் செய்து, அந்த சைக்கிளை நான் பார்க்கவே இல்லையம்மா என்றேன். "தெரியும் சார்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. தச்சரையும் மன்னித்துவிட்டேன். ஞாயிறு நாலு மணிக்கு இடப்பக்கம் நீதான், நீ சொன்ன உடனே நம்பித் திரும்புவேன்.

ஆஸ்பத்திரி வாசலில் உன் அக்கா சுற்றிக்கொண்டு என் இடப்பக்கம் வந்து கையைப் பிடித்தாள். "இத்தனை நாளா இதுக்குத்தான் பிடிச்சியா? நான் பாசம்னு நினைச்சேனே" என்றேன். நடையை நிறுத்தாமலே சொன்னாள்: "ரெண்டுக்கும்தாங்க. நீங்க நேரா பாத்து நடங்க, இந்தப் பக்கம் நான் பாத்துக்கறேன்."