குடம்புளி மூட்டை வரைக்கும்

போனில் பேசும்போது நடக்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. மணி அடித்ததும் இவர் கை போனைத் தேடுவதற்கு முன்பே கால் செருப்பைத் தேடும். ‘ஹலோ’ நாற்காலியில், ‘சொல்லுங்கோ’ வாசற்படியில், ‘அப்ப வெச்சுடட்டுமா’ அடுத்த தெருவில். பேசி முடித்ததும், தன்னை யாரோ தூக்கிக்கொண்டு வந்து அங்கே போட்டுவிட்ட மாதிரி திருதிருவென்று விழிப்பார். உங்களுக்கும் அப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும். தெரியாமல் எங்கே போகிறது?

திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில், பலசரக்கு மொத்த வியாபாரக் கடை ஒன்றின் மானேஜர் நீலகண்டன் இந்த இனத்தின் உத்தமமான மாதிரி. வீடு கோட்டைக்குள் அக்ரஹாரத்தில். விடியற்காலையில் பத்மநாபசுவாமி தரிசனம், கிழக்கேகோட்டையில் ஒரு காபி, கடை, மறுபடி காபி, வீடு. இந்த வட்டத்தை விட்டு அவர் வெளியே போனதில்லை. போக விருப்பமும் இல்லை. வட்டத்துக்குள் மட்டும் ஓயாமல் நடப்பார்.

கூடவே இன்னொரு குணம். ஒருவரிடம் ‘மாட்டேன்’ என்று நேராகச் சொல்ல அவருக்கு வராது. முதலில் கேட்டவரைப் புகழ வேண்டும், பிறகு கேட்ட காரியத்தைப் புகழ வேண்டும், இதைச் செய்ய எனக்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டாமா என்று உருக வேண்டும், அதற்கப்புறம் ஓர் ‘ஆனாலும்’ போட்டு, தொண்டையைக் கனைத்து, அதன் பின்னால்தான் மறுப்பு மெல்லத் தலையை நீட்டும். பழைய கம்பி போன் இருந்தவரை இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. புகழ்ந்துகொண்டே நடப்பார். சுருள் கம்பி முடிகிற இடத்தில் ரிசீவர் காதைப் பிடித்து இழுக்கும். அந்த இழுப்பில் ‘மாட்டேன்’ தானாக வெளியே வந்து விழும். கூடவே மேஜை மேலிருந்த பேனா ஸ்டாண்டும் விழும். அவ்வளவுதான் சேதம்.

ஆனால் மனிதன் சும்மா இருப்பானா? கடைக்கு இன்டர்நெட் போன் போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குக் கம்பியில்லாத போன்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் நீலகண்டனேதான். அவர் ஒரு காலில் நின்றது அந்த ஒரு தடவைதான்.

போன் மாட்ட வந்த அனூப், சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பொருத்தி, கார்ட்லெஸ் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, நீளமான கடையின் பின்பக்கத்துச் சரக்குக் கிட்டங்கிக்குள் “ஹலோ, கேக்குதா? ஹலோ, கேக்குதா?” என்று பேசிக்கொண்டே போனான். மல்லி மூட்டை தாண்டினான், கேட்டது. மிளகாய், கேட்டது, நடுவில் ஒரு தும்மலும் கேட்டது. மிளகு தாண்டிக் குடம்புளி மூட்டைக்கு வந்ததும் சத்தமே இல்லை.

“சாரே, புளி வரைக்கும்தான் கிட்டும், கேட்டோ. அதுக்கு அங்கோட்டு போனா கட்டாயிடும்” என்றான். “தெருவுக்கு போணும்னா மொபைல்ல ஆப் போட்டு தாறேன். அதே நம்பர் அதுலயும் அடிக்கும். ஆனா கடைப்படி இறங்கினா வைஃபை போயிடும். மொபைல் நெட்டு பிடிக்கிறது வரைக்கும் படியில கொஞ்சம் நின்னா மதி, அது போதும்.”

“நின்னா? நின்னுண்டா?” என்றார் நீலகண்டன், கேட்கக்கூடாத வார்த்தையைக் கேட்டவர் போல.

அன்று முதல் கடைக்கு நல்ல பொழுதுபோக்கு. வாசல்பக்கத்து மேஜையில் பில் போடும் ஷெமி, அழைத்தவர் யார் என்று மானேஜரின் பாதையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். தராசைச் சுற்றிச் சுற்றி வந்தால் ஆடிட்டர். மிளகாய்ப் பக்கம் வேகமாகப் போனால் சரக்கு சரியில்லை என்று சண்டை பிடிக்கும் கடைக்காரர். மல்லி மூட்டைக்குப் பின்னால் மறைந்து குரலைத் தாழ்த்தினால் வீட்டிலிருந்து மனைவி ஸ்ரீப்ரியா மாமி. திரும்பி வரும்போது முகம் பத்து வயதுப் பையன் முகமாக இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் மார்த்தாண்டத்திலிருந்து முதலாளியம்மா ராஜபாய் அழைத்தார்.

“சாமி, எர்ணாகுளத்துல கிளை தொறக்கோம்லா? அங்க நம்ம ஆளு ஒருத்தர் வேணும். நீங்க போயி இருந்தா எனக்கு நிம்மதியா ஒறக்கம் வரும். சாயங்காலத்துக்குள்ள அங்க பேரு சொல்லணும். என்ன சொல்லுதீங்க?”

எர்ணாகுளமா? விடியற்காலைத் தரிசனம் என்ன ஆவது? அந்தக் காபி? மாமி ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவாளே! போகமாட்டேன், செத்தாலும் போகமாட்டேன் என்று உள்ளுக்குள் கத்தினார் நீலகண்டன். வாயோ வழக்கப்படி ஆரம்பித்தது. காலும்.

“அம்மா சொன்னா அதுக்கு அப்பீல் உண்டோ?” இது மல்லியில். “இத்தனை பேர் இருக்கச்சே என்னைக் கேக்கணும்னு தோணித்தே, அதுவே பெரிய பாக்கியமாக்கும்.” இது மிளகாயில். “நாளைக்கே வான்னாலும் பெட்டியை எடுத்துண்டு கெளம்ப வேண்டியதுதானே!” இது மிளகில். குடம்புளியைத் தாண்டியதும் குரல் கனத்தது. “ஆனாலும் அம்மா, என் நிலைமையையும் யோசிக்கணும். ஊரை விட்டு என்னால முடியாது. மன்னிக்கணும், நான் போகமாட்டேன்!”

அப்பாடா! சொல்லிவிட்டார். என்ன கம்பீரம்! மூட்டை தூக்குகிறவர்கள்கூட நின்று கேட்டார்கள். வாழ்நாளில் இவ்வளவு தெளிவாக மறுத்ததில்லை என்ற பெருமையோடு நெஞ்சை நிமிர்த்தித் திரும்பி வந்தார்.

“சார்,” என்றாள் ஷெமி, “நீங்க புளிகிட்ட போனப்பமே லைன் போயாச்சு.”

அதற்குள் மேஜை மேலிருந்த மொபைலில் மணி. ராஜபாய்தான். “சாமி, பாதியில கட்டாச்சு. பரவால்ல, கேக்க வேண்டியத கேட்டுட்டேன். நாளைக்கே கெளம்புதேன்னு சொன்னீங்கள்லா, எனக்கு மனசு நெறஞ்சு போச்சு.”

“ஐயோ, அம்மா, அது வந்து...” இனி நேராகச் சொல்லிவிட வேண்டியதுதானே? சொல்லியிருப்பார். ஆனால் மனசு நிறைந்துவிட்டது என்று ஒருவர் சொன்ன பிறகு, அந்த நிறைவைப் பற்றி நாலு வார்த்தை பேசாமல் இருப்பது மரியாதையா? பேசினார். இந்தத் தடவை உஷாராகக் குடம்புளிப் பக்கம் போகவில்லை. தெருப் பக்கம் போனார். ‘ஆனாலும் அம்மா’ கடைப்படியில் வந்தது. ‘போகமாட்டேன்’ எதிரே நின்ற வெங்காய லாரியிடம் போய்ச் சேர்ந்தது.

இனி விட்டால் மானேஜர் கையை விட்டுப் போய்விடுவார் என்று ஷெமிக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு நீலகண்டனைப் பிடிக்கும். சிரித்தாலும் கோபித்துக்கொள்ளாத மானேஜர் வேறு எங்கே கிடைப்பார்? வயர் பார்க்க அன்று வந்திருந்த அனூப்பைக் கூப்பிட்டாள். இருவருமாக அவரைச் சுவருக்கும் பில் மேஜைக்கும் நடுவே ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, எழுந்திருக்க முடியாதபடி மேஜையை நெருக்கித் தள்ளினார்கள். அந்த மேஜையில் இருந்ததும் புது போன்தான் என்றாலும் அதற்குக் கம்பி உண்டு. நம்பரைப் போட்டு ரிசீவரைக் கையில் கொடுத்தாள் ஷெமி.

“சாரே, அசையாம இருந்து ஒரே வார்த்தை சொன்னா மதி” என்றான் அனூப்.

“சொல்லுங்க சாமி” என்றார் ராஜபாய். குரல் கண்ணாடி போலத் தெளிவாகக் கேட்டது.

நீலகண்டன் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. காலை நகர்த்திப் பார்த்தார், மேஜைக்கால் இடித்தது. நடை இல்லாமல் அவருக்குப் புகழ வரவில்லை. புகழாமல் ‘ஆனாலும்’ வரவில்லை. ‘ஆனாலும்’ வராமல் ‘மாட்டேன்’ எப்படி வரும்? கடை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, கடைசியில் ஒரே வார்த்தைதான் வந்தது.

“சரிம்மா.”

ரிசீவரை வைத்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. மேஜையை நகர்த்தச் சொன்னார். மாமியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி, போன் இல்லாமலே குடம்புளி மூட்டை வரைக்கும் நடந்துபோய் அங்கே கொஞ்ச நேரம் நின்றார்.

இப்போது எர்ணாகுளத்தில், உயரமான ஒரு கட்டடத்தில் பதினோராவது மாடியில் குடியிருக்கிறார். மாமி அவரோடு பேசுவதை இன்னும் முழுசாக ஆரம்பிக்கவில்லை. போன் வந்தால் இன்னும் நடக்கிறார்தான்; பால்கனிக்கு நல்ல உயரமாகக் கம்பி போட்டிருக்கிறார்கள் என்பதுதான் நமக்கு ஆறுதல்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் கடைசியாக நீங்கள் போன் பேசி முடித்தபோது எங்கே நின்றீர்கள்? மொட்டை மாடியிலா? கையில் எதற்கென்று தெரியாமல் ஒரு துணிக் கிளிப் இருந்ததா? பக்கத்து வீட்டுச் செடியில் நாலு இலை குறைந்திருந்ததா? போகட்டும், அந்தப் பக்கம் கேட்டவருக்கு என்ன பதில் சொன்னீர்கள்? மறுத்துவிட்டதாகத்தானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

அடுத்த தடவை மணி அடித்தால் முதலில் மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். அதற்கப்புறம் எழுந்திருங்கள்.